கழுதைக் கோடு

ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லி நம் வகுப்புக் குழுவில் கேட்டீர்கள். இதுவரை வந்ததையெல்லாம் படித்துவிட்டேன். பாதிப் பேர் பள்ளி வாசல் மாங்காய்க் கீற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர் காதோரம் நரைத்துவிட்டது என்று அழுதிருக்கிறீர்கள். முப்பதைத் தொடுவதற்குள் இவ்வளவு புலம்பலா? நரை என்றால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. எனக்கு எதுதான் அடங்கியிருக்கிறது? அறிவியல் டீச்சர் எனக்கு மட்டும் கூடுதல் தாள் கிடையாது என்று சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நாம் எட்டாவது படித்த வருடம். அரையாண்டு விடுமுறையில் தொடங்கி குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளோடு முடிந்துபோன கதை இது.

என் மாமாவை உங்களுக்குத் தெரியும். அம்மாவின் தம்பி. கல்யாண ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைவிட மிடுக்காக நடந்து வருவாரே, அவர்தான். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. வேலை நேரம் போக மிச்சமெல்லாம் ராணிக்கு. ராணிதான் குதிரை. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் சந்து முனையில், பருப்பும் வற்றலும் கொத்தமல்லியும் மொத்தமாக விற்கும் அண்ணாச்சியின் கிடங்கு இருந்தது. அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ராணியைக் கட்டிக்கொள்ள அவர் இடம் விட்டிருந்தார். கொட்டகைக்குள் நுழைந்தால் மல்லி மூட்டை, குதிரை லத்தி, கடற்காற்றில் வரும் கருவாடு, மூன்றும் கலந்த ஒரு வாசனை. பாண்டிச்சேரியில் என் அறைக்குக் கீழே ஒரு மசாலாக் கடை இருக்கிறது. மல்லி வறுக்கும்போதெல்லாம் எனக்குக் குதிரை ஞாபகம் வந்துவிடும்.

அப்போதெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூள் பறந்து வந்து நம் வெள்ளைச் சீருடையில் உட்காருமே, அதே தூள் ராணி மேலேயும் உட்காரும். வாரத்துக்கு இரண்டு முறை தேங்காய் நாரும் சோப்புக் கட்டியும் வைத்து நான்தான் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். நனைந்ததும் முடி உடம்போடு ஒட்டி, அடியில் இருக்கும் தோல் தெரியும். தோல் கறுப்பு. வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புத் தோல் எப்படி இருக்கும்? கரி உள்ளே ஊறிவிட்டது என்று நானாக முடிவு செய்து இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். ராணி திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நார் போட்டுத் தேய்த்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மாமாவின் தோஸ்து ஒருவர் திருவொற்றியூரில் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமும் ஒரு வெள்ளைக் குதிரை, ஆண் குதிரை, பெயர் சுல்தான். ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மாமாவையும் பெண் வீட்டார் பாயையும் கூப்பிட்டுவிட்டார்களாம். சண்டை வர வேண்டிய இடத்தில், மாப்பிள்ளையை ஒன்றிலும் மாப்பிள்ளைத் தோழனை இன்னொன்றிலும் ஏற்றி, இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே ஊர்வலம் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து பதினோரு வருடப் பழக்கம். பாய் எங்கள் சந்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே "டேய் மாமு!" என்ற குரல் நுழைந்துவிடும்.

இரண்டு வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டு வண்டி ஒன்று ஓட்ட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்காக ராணியைத் திருவொற்றியூருக்கு நடத்திப் போய் சுல்தானோடு ஜோடி சேர்த்துவிட்டு வந்தார். பதினோரு மாதம் காத்திருந்தோம். வெள்ளைக் குட்டி பிறக்கப் போகிறது என்று மாமா சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். குட்டிக்குக் கட்ட நீலக் குஞ்சலம்கூட வாங்கி வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, குடிலுக்கு வைக்கோல் எடுத்து வர விடிந்ததும் கொட்டகைக்குப் போன அம்மா அங்கிருந்தே கத்தினாள். எல்லோரும் ஓடினோம். ராணியின் காலடியில் குட்டி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்ல முடியாது. நாலு காலும் நாலு திசைக்குப் போய்க்கொண்டிருந்தன. நிறம், மழை பெய்து ஓய்ந்த கடற்கரை மணல். பிடரியில் தொடங்கி வால் வரைக்கும் முதுகின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து மையால் இழுத்தது போல நேராக. தோள்பட்டையில் குறுக்கே லேசாக ஒரு கறுப்புத் தீற்றல் வேறு.

அண்ணாச்சி கிடங்கைத் திறக்க வந்தவர், சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

"என்னடே இது? கழுதையாட்டுல்லா இருக்கு! முதுகுல கோட்டப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரு எருசலேமுக்குக் கழுத மேல ஏறிப் போனாரு, அதனாலதான் கழுத முதுவுல சிலுவை வந்துச்சுன்னு ஞானோபதேச கிளாஸ்ல சொல்லிக்கீறாங்க. நீட்டுக்கு ஒண்ணு, குறுக்க ஒண்ணு. குதுரைக்கு ஏதுடா தம்பி சிலுவ?"

மாமா குட்டியின் முதுகில் அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்து, பிடரியிலிருந்து வால் வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். விரலில் மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பாய் வந்தார். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"டேய் மாமு! ஆணா, பொண்ணா?"

"கழுத," என்றார் மாமா.

பாய் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொட்டகைக்குள் போய்க் குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். "ஜோரா கீதுடா. கால் நல்லா நீட்டமா கீது."

"காலு கெடக்கட்டும் பாய். என் குதுர வெள்ள, உன் குதுர வெள்ள. இது இன்னா கலரு?"

"பொறக்கசொல்ல இப்டிதான்டா இருக்கும். போகப் போக வெளுத்துடும்."

"இன்னா, பனியனா? தொவைக்கத் தொவைக்க வெளுக்க?"

சந்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் கொஞ்சம் சிரித்தார்.

"முதுவுல கோடு கீதே, அது?"

"அதுவும் பூடும்."

"எல்லாம் பூடும் பூடும்னு டபாய்க்காத. ராணிய உன்னாண்ட வுட்டுட்டு ரெண்டு நாளு நான் டூட்டிக்குப் பூட்டேன். சுல்தானுக்கு அப்ப இன்னா ஆச்சு? முடியாம கெடந்துச்சா? வேற எதனா கெடச்சத..."

"மாமு," என்றார் பாய். "வார்த்தையப் பாத்து வுடு."

இங்கேதான் நான் வருகிறேன். வராமல் இருந்திருக்கலாம்.

அக்காவின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை நான் அப்போதே படித்து முடித்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் உங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பட்டாணிச் செடி, ஊதாப் பூ, வெள்ளைப் பூ. ஊதாவுக்குப் பெரிய எழுத்து, வெள்ளைக்குச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து ஒன்று இருந்தாலே பூ ஊதாவாகிவிடும்; சின்ன எழுத்து இரண்டும் சேர்ந்தால்தான் வெள்ளை. நாலு கட்டம் போட்டு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நிரப்ப வேண்டும். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து பூவுக்குப் பதில் குதிரையைப் போட்டு நிரப்பியிருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவே போய் நின்றேன்.

"மாமா, நான் கண்டுபிடிச்சிட்டேன். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா நாலு கட்டத்துலயும் வெள்ளைதான் வரும். வேற கலர் வரவே வராது. வந்தா அது வெளியில இருந்து வந்ததுதான்."

பாய் என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்கூல்ல குதுரையப் பத்திச் சொல்லித் தராங்களா கண்ணு?"

"இல்ல பாய். பட்டாணி. ஆனா எல்லாத்துக்கும் ஒரே விதிதான்."

"பட்டாணி," என்றார் பாய்.

நோட்டை மாமாவிடம் நீட்டினார். ஜிலேபிப் பொட்டலத்தைத் தவிட்டு டிரம் மேல் வைத்தார். போய்விட்டார். அந்த ஜிலேபியை நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கண்டுபிடித்தவளுக்கு முதல் துண்டு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மாமா ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர். அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்துகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்தத் தாளை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில், மார்க்கெட்டில், குதிரை வைத்திருக்கும் நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் எடுத்துக் காட்டினார். "படிச்ச புள்ள எழுதிக் குடுத்துது பாரு. ஏமாத்திட்டான்." அந்த நாலு பேர் இன்னும் நாலு பேரிடம் சொல்ல, சுல்தானிடம் ஜோடி சேர்க்கப் போவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பாயின் பேருக்கு முன்னால் 'கழுதை' என்று ஒட்டிப் பேசினார்கள். இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது. முதலில் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. என் கட்டம் காசிமேடு தாண்டிப் போயிருக்கிறது!

குட்டிக்கும் அதுதான் பேர். கழுதை. சந்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நான் உட்பட. அது திரும்பிப் பார்க்கும். என் பின்னல் ரிப்பனைச் சப்பிச் சப்பி நாராக்கிவிடும். மூக்கை என் உள்ளங்கையில் வைத்து ஊதும். அந்த மூச்சில் புளிக்காத பால் வாசனை இருக்கும். மேலுதட்டு முடி குத்தாது, கூசும். நான் பள்ளிக்கூடம் கிளம்பினால் சந்து முனை வரைக்கும் வரும். அங்கே ஒரு லாரி ஹாரன் அடித்ததும் ராணியிடம் திரும்பி ஓடும். ஓடும்போது முதுகிலே அந்தக் கோடு ஒரு கயிறு போல நெளியும். எனக்கு அந்தக் கோடு அழகாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரம், சோற்றைப் பிசைந்துகொண்டே மாமா அம்மாவிடம் சொன்னார்.

"ஈஸ்டரு முடிஞ்சதும் செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்காரனுக்குக் குடுத்துடறேன்க்கா. பால் மறந்ததும் வந்து இட்டுகினு போறேன்னு சொல்லிக்கீறான். கல்லு சொமக்கட்டும்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "மாமா, அது கழுதையா இல்லாமலும் இருக்கலாம்."

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நீதானே எழுதிக் குடுத்த?"

அன்றிலிருந்து நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் பூராவும் கட்டம் கட்டமாகப் போட்டேன். எப்படியாவது ஒரு கட்டத்தில் மணல் நிறம் வந்துவிட வேண்டும். எழுத்தை மாற்றிப் போட்டேன், அப்பாவையும் அம்மாவையும் இடம் மாற்றினேன், எட்டுக் கட்டம், பதினாறு கட்டம். ஒவ்வொரு முறையும் எல்லாம் வெள்ளையாகவே வந்தது. நீங்கள் அப்போது எனக்கு வைத்த பட்டப்பெயர் 'கட்டம்'. ஏன் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். ஆண்டவர் எருசலேமுக்குள் போனதை நினைத்து ஓலை பிடித்துப் போகும் பவனியில், ஃபாதருக்குப் பக்கத்தில் நடந்து வர ஒரு கழுதை வேண்டுமாம். ராயபுரம் முழுக்கத் தேடிவிட்டாராம்.

"உங்க வூட்ல ஒரு கழுதக் குட்டி கீதாமே. முதுவுல சிலுவை வேற அச்சா கீதுன்னாங்க. யாரும் ஏற மாட்டாங்க. சும்மா கூட நடந்து வந்தா போதும்."

வெள்ளைக் குட்டிக்கு நீலக் குஞ்சலம் வாங்கி வைத்த மனுஷர் மாமா. "இட்டுகினு போங்க," என்றார். "அதுக்கு ஒரு மரியாதையாவது கெடைக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம், பவனிக்காகக் குட்டியைக் குளிப்பாட்டச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். ஏப்ரல் வெயில். தகரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறும். நாரை நனைத்து, பிடரியிலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். கைநிறைய முடி வந்தது. பயந்துபோய் நாரைக் கீழே போட்டுவிட்டேன். தோலை உரித்துவிட்டேனா? குட்டி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் தேய் என்பது போல என் மேல் சாய்ந்தது. மறுபடி இழுத்தேன். மணல் நிற முடி கொத்துக் கொத்தாக வந்தது. அதன் நடுவே கறுப்பு முடி. அந்தக் கோடு என் கையோடு வந்துகொண்டிருந்தது.

அடியில் வேறொரு குட்டி இருந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் வரும் காப்பிக்கொட்டை நிறம், வெயிலில் மினுமினுப்பு. முதுகு நெடுக விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கோடு இல்லை. சிலுவை இல்லை. முகத்தைத் துடைத்தபோதுதான் கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி போட்டது மாதிரி. சோப்பு நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை. பாவாடையால் துடைத்தேன். போகவில்லை.

நான் போட்ட சத்தத்தில் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்திருந்த மாமா சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். அண்ணாச்சியும் வந்தார். மாமா கழுவாத கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கை விரலை எச்சில் தொட்டுக் கண்ணோரத்து வெள்ளையைத் தேய்த்தார். பிறகு முதுகை. பிறகு மறுபடி கண்ணோரத்தை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஏடே, காதப் பாத்தியா? கழுதைக் காது இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்?"

"நீங்கதானே அண்ணாச்சி மொதல்ல கழுதன்னீங்க?" என்றார் மாமா.

"கழுதையாட்டு இருக்குன்னேன். கழுதைன்னா சொன்னேன்?"

நாலு மாதமாக அந்தக் காது அங்கேயேதான் இருந்தது. குட்டி என் ரிப்பனைச் சப்பும்போதெல்லாம் என் கன்னத்தில் இடித்த காது. ஒரு கோடு இருந்ததால் ஒருவரும் காதைப் பார்க்கவில்லை.

என் தப்பு எங்கே இருந்தது என்று இப்போது தெரியும். அதைத் தேடிக்கொண்டுதான் இந்தப் படிப்புக்கே வந்து சேர்ந்தேன். குதிரை முடியின் வேரைக் கரைத்து அதில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் இப்போது என் வேலை. வெள்ளை என்றால் ஒன்றும் இல்லாதது, அதனால் சின்ன எழுத்து என்று வைத்தேன். பட்டாணிப் பூவில் அது சரி. நம் ஊர்வலக் குதிரைகளில் பல, பிறப்பில் வெள்ளையே இல்லை, நரைத்தவை. நரைக்க வைக்கும் மரபணு பெரிய எழுத்து. தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் ஒன்று கொடுத்தால் போதும். குட்டி கறுப்போ செம்பட்டையோ மணலோ ஏதோ ஒரு நிறத்தில் பிறக்கும், பிறகு அந்த நிறத்தின் மேல் வருடக்கணக்கில் வெள்ளை ஏறும். பல குட்டிகளுக்குக் கண்ணோரத்தில்தான் தொடங்கும். தோல் மட்டும் கடைசி வரை கறுப்பாகவே இருக்கும். ராணி மேல் நான் நார் போட்டுத் தேய்த்த கறுப்பு அதுதான்.

முதுகுக் கோட்டிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. சில குதிரைகளில் உடம்பு முடியின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் படியும், அதனால் உடம்பு வெளிறித் தெரியும். முதுகு நடுவில் மட்டும் முடியைச் சுற்றிலும் நிறம் இருக்கும். அந்தக் கோடு ஆயுளுக்கும் போகாது. இன்னொன்று குட்டிக் கோடு. முதல் முடி உதிரும்போது அதுவும் உதிர்ந்துவிடும். இதைத்தான் பாய் 'வெளுத்துடும்', 'அதுவும் பூடும்' என்று இரண்டு வார்த்தையில் சொன்னார். எனக்கு இரண்டு பத்தி ஆகிறது.

மாமா கையைக் கழுவினார். சட்டையை மாட்டினார். ராணியின் கயிற்றை அவிழ்த்தார்.

"நீயும் வா. அந்த நோட்ட எடு."

"எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் அம்மா. "நாளைக்கு பவனிடா. உபதேசியாரு வந்தா இன்னா சொல்றது?"

"கழுத செத்துப்போச்சுன்னு சொல்லு."

ராணி முன்னால், குட்டி அதை ஒட்டி, மாமா ஒரு பக்கம், நான் மறுபக்கம். காசிமேடு, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்த சாலையின் ஓரத்தில் நடந்தோம். ஒவ்வொரு ஹாரனுக்கும் குட்டி ராணியின் வயிற்றுக்கு அடியில் நுழையப் பார்த்தது. மாமா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. நானும் என் பங்குக்கு ஒத்திகை பார்த்தேன். திருவொற்றியூர்த் தேரடி வருவதற்குள் என் காலில் செருப்பு கடித்துவிட்டது, சொல்லவில்லை.

பாய் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சேணத்தின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வேப்பமரத்தடியில் சுல்தான் நின்றது. எங்களைப் பார்த்ததும் பாய் எழுந்தார். ஊசியை வாரிலேயே குத்தி வைத்தார்.

"வாங்க சார். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பதினோரு வருடத்தில் பாய் வாயிலிருந்து அவர் ஒரு 'ங்க' கேட்டதில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அத்தனையும் போயே போய்விட்டது. குட்டியை லேசாக முன்னால் தள்ளினார்.

"கோடு பூட்ச்சு பாய்."

"பூடும்னு சொன்னேனே சார்."

"கண்ணாண்ட வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு."

"ம்."

அவர் குட்டியைத் தொடவில்லை. அது தானாகப் போய் அவர் லுங்கி முனையைச் சப்பியது. அப்போதும் தொடவில்லை. நான் நோட்டை நீட்டினேன். நான் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

"நான்தான் பாய் தப்பாப் போட்டேன். எங்க தப்புன்னு இன்னும் தெரியல."

"நீ போட்டது கணக்கு கண்ணு. தப்பா வந்தா அழிச்சிட்டு இன்னொரு தபா போட்டுக்கலாம்." பாய் நோட்டை வாங்கவில்லை. மாமாவைப் பார்த்தார். "அந்தத் தாள்ல இன்னா எழுதிக்கீதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

"தெரியாது பாய்."

"தெரியாது," என்றார் பாய். வாரை முக்காலி மேல் வைத்தார். பிறகு, "உள்ள வாங்க," என்றார்.

உள்ளே சுவரில் ஒரு கலர்ப் படம் மாட்டியிருந்தது. சாயம் மங்கிப் பாதி மஞ்சளாகியிருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு குட்டி, படம் எடுப்பவருக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மணல் நிறக் குட்டி. முதுகின் நடுவே, பிடரியிலிருந்து வால் வரைக்கும், மையால் இழுத்தது போல ஒரு கோடு.

"யாருன்னு தெரியுதுங்களா?"

"உங்க வாப்பா," என்றார் மாமா.

"பக்கத்துல?"

மாமா வாசல் வழியாக வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். சுல்தான் உடம்பில் மருந்துக்குக்கூட வேறு நிறம் இல்லை.

"பொறந்து பத்து நாள்ல எடுத்தது," என்றார் பாய்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதை அன்னிக்கே எடுத்துகினு வந்து காட்டியிருக்கலாமே பாய்? யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டாங்க."

பாய் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தோஸ்துகிட்ட யாரு கண்ணு சாட்சி தூக்கிகினு போவாங்க? ஒரு தபா வந்து பாத்திருந்தா செவுத்துலயேதான் மாட்டிக்கீது."

வெளியே குட்டி சின்னதாகக் கனைத்தது. மாமா கையை நீட்டி, படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு முறை துடைத்தால் போதும். மூன்று நாலு முறை துடைத்தார். பிறகு ஆணியைத் தேடி மாட்டினார். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"சாஞ்சிகீது," என்றார் பாய்.

மாமா நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம்."

மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. வலது பக்கம் தள்ளினார்.

"எடது பக்கம்டா, பேமானி!"